காப்புக் கயிறு

வாசலூர்பட்டி
25 ஜனவரி 1938

அன்புள்ள சரசுவதிக்கு,

உன் கணவன் எப்போது வீடு திரும்பலாம் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை.

ஜில்லா முழுவதும் சாராயக் கடைகளை மூடிவிட்டார்களே, மலையில் எதுவும் கிடைக்காது என்று நம்பித்தான் தம்பியை இங்கே அழைத்துவந்தேன். காட்டுக்குள் காய்ச்சுவார்கள் என்று நினைக்கவில்லை. வந்த வாரமே, பக்கத்து மிளகுத் தோட்டத்துச் செங்கோடன் அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் காப்புக் கயிறு கட்டிவைத்தார். நாற்பது நாள் அவன் குடிக்கவில்லை. சாமைச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

எனக்குக் கர்வம் வந்துவிட்டது. “இது வெறும் நூல். உன்னைக் காப்பாற்றியது உன் மனவுறுதி” என்று சொல்லி, நேற்றுக் காலை நானே அதைக் கத்தரித்தேன்.

மாலையில் செங்கோடன் அவனைத் தோளில் தாங்கி அழைத்துவந்தார்.

“ஏனுங்கம்மா, கையில காப்பு இல்லீங்களே! விரதம் முடிஞ்சுதாக்கும்னு கல்யாண ஊட்டுல ஊத்திக் குடுத்துட்டாங்க. காப்பு கட்டுனவருக்கு இந்த மலையில ஒருத்தரும் ஊத்த மாட்டாங்க.”

அந்தக் கயிறு ஊரைத்தான் கட்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்படிக்கு,
உன் நாத்தனார்

மறுநாள் காலை சேர்த்தது: செங்கோடனிடம் இன்னொரு கயிறு கேட்டேன். “கட்டிக்கிறவருதான் வந்து கேக்கோணுமுங்க” என்றார். தம்பியை எழுப்பிச் சொன்னேன்.

“வெறும் நூலுன்னு நீதானே அக்கா சொன்னே?” என்று கேட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.