மாப்பிள்ளை போன கூண்டு

அன்புள்ள மகனுக்கு,

நீ மாப்பிள்ளை என்று கூப்பிடும் வெள்ளை ஆண்முயல் செத்துவிட்டது. அவன் இனம் ஈற்றுக்குப் பன்னிரண்டு போட்டாலும் பாதியை மிதித்தே கொன்றுவிடும். நம் சாம்பல் முயல் ஆறுதான் போடும், ஆறையும் வளர்த்துவிடும். இரண்டையும் கலந்தால் குட்டி நிறையவும் வரும், பிழைக்கவும் செய்யும் என்று நீதான் சொன்னாய்.

நீ அடித்து உடைத்த உன் மனைவியின் தாடைக்குப் போட்ட கம்பியை இன்னும் எடுக்கவில்லை. குழாய் வைத்துப் பால்தான் குடிக்கிறாள். சும்மா இருக்க முடியாமல் கொட்டகையில் எனக்கு உதவுகிறாள். இனம் சேர்க்கும்போது பெண்முயலை ஆணின் கூண்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளையைச் சாம்பலின் கூண்டில் விட்டுவிட்டாள். நான் ஓடிவருவதற்குள் சாம்பல் அவன் விதையைக் கடித்துத் துண்டாக்கி, வயிற்றையும் கிழித்திருந்தது. துடித்துக்கொண்டிருந்தவனை நான்தான் கழுத்தை முறித்து அடக்கினேன்.

"அவன் கூண்டுல விட்டிருந்தா இவ கடிச்சிருக்க மாட்டாளா அத்தை?" என்று வாயைத் திறக்க முடியாமல் பல்லிடுக்கில் கேட்டாள்.

"மாட்டாம்மா. அது அவன் இடம். அங்க அடங்கித்தான் கிடப்பா. இது இவ இடம்."

அவள் கையைக்கூடக் கழுவாமல் சாம்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை வந்து அவளை இழுத்துக்கொண்டு போவதாகப் போனில் கத்தினாய். வாசல் அறையை அவளுக்கே கொடுத்துவிட்டேன். வீட்டுச் சாவியும் அவளிடம்தான். தோலுரிக்கும் கத்தியையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

வராதே. வந்தால், இந்த முறை நான் ஓடிவர மாட்டேன்.

அம்மா