துரையின் சிக்குமுடி

தினமும் தலைவாரிவிட்டு என்னைப் பள்ளிக்கு அனுப்பிய என் அக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன் பூனை உயிரோடு இருக்கிறான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்களோடு சேலையூர் வீட்டில்தான் இருக்கிறான். மற்றபடி சொல்வதற்கு நல்ல செய்தி அதிகமில்லை.

வந்த முதல் வாரம் முழுக்கத் துரை பீரோவுக்கு அடியிலேயே கிடந்தான். சுமதி மீனை வேகவைத்துத் தட்டில் தள்ளிவிடுவாள். "உங்க அக்காவைத் தேடுதுங்க" என்பாள்.

பத்தாம் நாள் உன் கம்பிப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகில் ஒரே ஒரு இழுப்புதான். மணிக்கட்டில் பல் பதித்துவிட்டான். சுமதி துண்டால் போர்த்தி அமுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் வயிற்றுப் பக்கம் பார்த்தோம். மேலே தெரிந்த வெள்ளை முடிக்கு அடியில் கெட்டியாகச் சிக்கு, தோலோடு ஒட்டிப்போய். கால் இடுக்கில் புண்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசமா சார் சீவலை?" என்றார்.

"எங்ககிட்ட வந்து பத்து நாள்தான் மேடம் ஆகுது. அதுக்கு முன்னாடி எங்க அக்கா தினமும் சீவுவாங்க."

"சான்ஸே இல்ல சார். இது பல மாசத்துச் சிக்கு."

நான் அவரோடு வாதாடினேன், அக்கா. பரீட்சைத் தாளில் ஒரு மைப் பொட்டு விழுந்தால்கூடத் தாங்காதவள் நீ. உன்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அன்று சாயங்காலம் உன் சாமான்களை எடுக்கப் பீர்க்கன்கரணைக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பானு அக்காவிடம் கேட்டேன்.

"டீச்சருக்கு வலது கை வரலை தம்பி. பொங்கல்லேர்ந்தே அப்படித்தான். புடவைகூட நான்தான் கட்டிவிடுவேன். டாக்டர்கிட்ட போலாம்னா, சரியாயிடும்னு சொல்வாங்க. தம்பிகிட்ட சொல்லாதே, பயந்துடுவான்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

நீ ஃபோன் செய்த அந்த ஞாயிற்றுக்கிழமை அப்போதுதான் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் அது பொய். அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. "பத்து நிமிஷம் வந்துட்டுப் போடா, துரையைப் பிடிச்சுக்க ஆள் வேணும்" என்றாய். "பூனைக்குத் தலைவார நான் ட்ரெயின் ஏறி வரணுமாக்கா? அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். தாம்பரத்திலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன். அடுத்த வாரம் வந்தேன், உன்னைத் தூக்குவதற்கு.

கை வரலைடா என்று அப்போதே சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேனே? ஏன் பூனையைச் சொன்னாய்? உன் மேல் எனக்குக் கோபம்தான். யாரிடம் போய் அதைக் காட்ட?

துரைக்கு மயக்க ஊசி போட்டு மொத்தமாக மழித்துவிடலாம், ஆனால் இதயம் பலவீனமாக இருக்கிறது, எழுந்திருக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். வேண்டாம் என்றேன். ஆபீஸ் விட்டு வந்ததும் தினம் ஒரு முடிச்சு. சோளமாவு தூவி, விரலால் பிரித்து, பிரியாததை முனை மழுங்கிய கத்திரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். சுமதி பிடித்துக்கொள்வாள். அவன் கடிப்பான், சில நாள் அழுவது போலக் கத்துவான். எனக்கு வேகமாகச் செய்யத் தெரியவில்லை.

நேற்றுக் கடைசி முடிச்சும் வந்துவிட்டது. புண் ஆறியிருக்கிறது. என் மடியிலிருந்து இறங்கியவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசல் கதவருகே போய்ப் படுத்துக்கொண்டான். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் காது மட்டும் திரும்புகிறது.

அவன் இருக்கும்வரை சீவிவிடுவேன், அக்கா. எனக்கும் ஒருநாள் கை ஓய்ந்தால், யாரையாவது கூப்பிடுவேன். எதற்காகக் கூப்பிடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுவேன்.

ஒரு வாரம் பிந்தி வந்த உன் தம்பி,
ரவி