மெழுகில் பதிந்த உன் விரல்கள்

என் ஸ்டெல்லாக் குட்டிக்கு,

நாற்பது வயதுக்காரியைக் குட்டி என்று கூப்பிடாதே என்று சண்டைக்கு வருவாய். வாயேன். ஏழு மாதமாக இந்த வீட்டில் சண்டை போட ஆளில்லை.

மொரப்பூரில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ரயில் போகும்போது என் கடைசல் பட்டறையின் தகரம் இன்னும் அதிர்கிறது. நீ எழுதுகிற கையைத் தூக்கிக்கொண்டு, ரயில் போகட்டும் என்று காத்திருப்பாயே, அந்த நேரத்தில் இப்போது நானும் உளியைக் கட்டையிலிருந்து எடுத்துவிடுகிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் வேலை கெட்டுப்போய்விட்டது. மையில் தொட்டு எழுதும் பேனாவுக்காக நான் புளியங்கட்டையில் கடைந்து கொடுத்த பிடிகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டன. மூன்று பேரும் சொன்ன குறை ஒன்றுதான். அரூர் டீச்சர் போன் போட்டே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கட்டை நல்லாத்தான் இருக்குது. நடுவெரலு மட்டும் நிக்க மாட்டேங்குதுங்க, வழுக்கிக்கிட்டே போவுது."

என் வேலையைக் குறை சொன்னால் நான் என்ன ஆவேன் என்று உனக்குத் தெரியும். "புடிக்கத் தெரியாம புடிச்சா கட்டை என்னங்க பண்ணும்?" என்று கேட்டுவிட்டேன்.

அப்புறம் மூன்றையும் வரிசையாக வைத்துத் தடவிப் பார்த்தேன். மூன்றிலும் நடுவிரலுக்கான குழி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உன் கோணல் விரலுக்கு வெட்டுகிற குழி. சின்ன வயதில் நான் சாத்திய கதவில் நசுங்கிய விரல். அதற்காக நீ ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்தான் உனக்குக் கட்டை கடையும்போதெல்லாம் அந்தக் குழியை மட்டும் உப்புத்தாளால் கூடுதலாகத் தேய்ப்பேன்.

எப்படி இப்படி ஆனது? நம்மிடம் இருப்பது ஒரே மெழுகு உருண்டை. கோயில் மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து நீ உருக்கியது. பிடி வேண்டுமென்று வருகிறவர்கள் இளஞ்சூட்டில் அதைப் பேனா போலப் பிடிப்பார்கள். விரல் பதிந்த இடம் பார்த்து நான் குழி வெட்டுவேன். பிறகு அதையே உருக்கி அடுத்தவருக்கு வைப்போம். "புதுசு வாங்காதக்கா, எல்லார் கையும் இதுலயே கலந்து கெடக்கட்டும்" என்பாய்.

கடைசியாக அதைப் பிடித்தவள் நீ. மறுநாள் காய்ச்சல் என்று படுத்தாய், எட்டாம் நாள் போய்விட்டாய். எனக்கு அதை உருக்க மனசு வரவில்லை. வந்தவர்களிடம் "கையைக் காட்டுங்க, போதும்" என்று சொல்லிக் கண்ணளவிலேயே கடைந்தேன். கண் அவர்கள் கையைத்தான் பார்த்திருக்கிறது. உளி உன் கைக்கே போயிருக்கிறது.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "சனிக்கெழமை வூட்டுக்கு வாங்க, மெழுகுல புடிச்சுக் காட்டுங்க. வேற செஞ்சு தரேன்" என்றேன். "அதுக்கென்னங்கக்கா, காலைல பஸ்ஸுக்கே வந்துர்றேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு உன் மெழுகைக் கையில் எடுத்தேன். நீ பதித்த இடங்களில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் பொருந்தியது, ஆட்காட்டி விரல் பொருந்தியது. நடுவிரல் மட்டும் போகவில்லை. அழுதேனடி, நன்றாக அழுதேன்.

திரும்பி வந்த கட்டை ஒன்றில் நிப்பு மாட்டித்தான் இதை எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது, சிரிக்காதே. அந்த டீச்சர் சொன்னது உண்மைதான், விரல் வழுக்குகிறது.

சனிக்கிழமை காலை உன் மெழுகை நானே உருக்குவேன். நீ சொன்னபடி நீயும் அதில் கலந்து கிட. டீச்சரின் விரல் எங்கே பதிகிறதோ அங்கேதான் குழி வெட்டுவேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. ஆனால் இந்த மூன்று கட்டைகளை மட்டும் யாருக்காகவும் திருத்த மாட்டேன். அவற்றில் ஒரு பிழையும் இல்லை.

அன்று கதவைச் சாத்திய
உன் அக்கா,
ரோசலி