பனிக்குச் சத்தம் உண்டா

அக்டோபர் 14, 1998, இர்விங், டெக்சாஸ்

இன்றும் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களில் இரண்டு இலக்க வருஷத்தை நான்கு இலக்கமாக்கும் வேலை. கடற்படையில் பதினோரு வருஷம் கடலின் ஆழம் அளந்த அதிகாரிக்கு இது! மத்தியானம் ஒரு ஈமெயில். அண்டார்டிகா போகும் பல்கலைக்கழகக் கப்பலில் ஆழம் அளக்க என்னை எடுத்துக்கொள்கிறார்களாம். டிசம்பர் எட்டு புறப்பாடு, மூன்று மாதம்.

அக்டோபர் 15

மனைவி அனந்தலக்ஷ்மியிடம் சொன்னேன்.

“கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கு. பெர்மிஷன் லெட்டர் வராம நாட்டை விட்டுப் போனா, அஞ்சு வருஷம் காத்திருந்தது கோவிந்தா!”

சரிதான். குடியேற்ற ஆபீசுக்கு அந்த லெட்டர் கேட்டு எழுதிப் போட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே திடீரென்று கேட்டாள்: “பனிக்குச் சத்தம் உண்டா?” தெரியவில்லை. இத்தனை படித்தும் எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

நவம்பர் 7

டெக்சாஸில் குளிருக்கு எங்கே போவது? மணியன் மளிகைக் கடையின் ஃப்ரீசர் அறைக்குள் கையுறையோடு நின்று எழுதிப் பார்த்தேன். நான்காம் நிமிஷம் பேனா மக்கர் பண்ணியது. பென்சில் எழுதியது. “சார், பரோட்டா எடுக்கணும், கொஞ்சம் நகருங்க” என்றார் மணியன்.

நவம்பர் 29

லெட்டர் இல்லை.

டிசம்பர் 6, ஞாயிறு

நேற்றுவரை தபால் இல்லை. நாளை கப்பல்காரர்களிடம் ‘வரவில்லை’ என்று சொல்லிவிட வேண்டியதுதான். சே, எரிச்சலாக வருகிறது!

மாலை மணியன் போன் பண்ணினார்: “சார், உங்க பையை மேடம் காலைல நல்ல நேரத்துல எங்க வீட்ல வச்சுட்டுப் போனாங்க.”

பரஸ்தானம்! செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் விமானம். பையை முன்னாலேயே வேறு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பை திரும்பி வீட்டுக்கு வரக்கூடாது. மணியன் வீட்டுக்கு ஓடினேன். மேல் ஜிப்பில் லெட்டர். வியாழக்கிழமையே வந்திருக்கிறது. வீட்டுக்குத் திரும்பி அவளிடம் கேட்டேன்.

“மூணு நாளா கையில வச்சிருந்தேன். பயமா இருந்தது, கிழிச்சிடலாம்னுகூடத் தோணிச்சு. உங்ககிட்ட குடுத்தா, ‘போகட்டுமா’ன்னு கேப்பீங்க. நான் வேண்டாம்னு சொல்லிடுவேன். அதான்…”

அழுதாள். நானும்தான்.

டிசம்பர் 24, கப்பல்

பென்சிலால் எழுதுகிறேன். ஆழம் 412 மீட்டர். வரைபடத்தில் இந்த இடம் வெறும் வெள்ளை. பனிக்கட்டி ஏன் நீலம்? விசாரிக்க வேண்டும்.

இன்று எஞ்சினை நிறுத்தினார்கள். அனந்தலக்ஷ்மி, உண்டு. தண்ணீரில் கரையும்போது, தாளிக்கிற கரண்டியில் கடுகு பொரிகிற மாதிரி, நிற்காமல் பொரிகிறது. ஒரு கேசட் முழுக்கப் பதிவு பண்ணிவிட்டேன்.