முப்பது கேட்டோம்

மார்ச் 9, ஞாயிறு
எதிர்வீட்டு லூப்பேயைக் கார் இடித்துவிட்டது. சமோவாவிலிருந்து நியூசிலாந்து வந்த நாள் முதல் ஒரு ஞாயிறும் தேவாலயம் தவறாதவள். வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக எங்கள் ரிமு தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தொப்பி எங்கள் வேலிக்குள் கிடந்தது. இடித்தவன் இறங்கி ஓடிவந்து, "ஐம்பதுலதான் வந்தேன், சத்தியமா" என்றான்.

மார்ச் 12
அவன் சொன்னது நிஜமாம். போலீஸ் அளந்து பார்த்துவிட்டது. எங்கள் தெருவில் அனுமதித்த வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர்; அதைத் தாண்டவில்லை, ஆகவே வழக்கு இல்லை. அப்படியானால் குற்றம் யாருடையது? இருபுறமும் நிறுத்திய கார்கள், நடுவே ஒரு வண்டி போகத்தான் இடம். அங்கே ஐம்பதில் போகலாம் என்று பலகை நட்டது யார்?

மார்ச் 20
மாநகராட்சிக்குப் போன் செய்தேன். தேன் தடவிய குரலில் ஒரு பெண். "உங்க தெருவுல போதுமான விபத்து நடக்கலீங்களே."
போதுமான! "இன்னும் எத்தனை பேர் விழணும்? சொல்லுங்க, வரிசையில வந்து நிக்கிறோம்" என்றேன்.
"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன்."

ஏப்ரல் 16
விடாமல் நச்சரித்ததில் மசிந்தார்கள். வேகத்தை முப்பதாகக் குறைக்கலாமா என்று ஊரிடம் கருத்துக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று எழுதியவர்களில் கிரேமும் ஒருவன். என் புருஷன்! ரொட்டி வண்டி ஓட்டுகிறவன்.
"எல்லாத் தெருவையும் இப்படி ஆக்கினா ரொட்டி மத்தியானம்தான் கடைக்குப் போகும், நைரி. என் பொழப்பு?"
"அவ இடுப்பு?"
"நான் பார்த்துத்தானே ஓட்டுறேன். சட்டம் எதுக்கு?"
பேச்சை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டை அவனே சூடாக்கிக்கொள்ளட்டும்.

மே 21
மாநகர மன்றத்தில் கருத்துக் கேட்பு. ஆளுக்கு மூன்றே நிமிடம். தெருவில் பெரும்பாலோர் ஐம்பதுக்கு மேலேயே போகிறார்களாம், முப்பது போட்டால் மதிக்கமாட்டார்களாம் — மாநகராட்சிப் பொறியாளரே சொல்கிறார்! ரத்தம் கொதித்தது.
"எல்லாரும் திருடினா, திருடலாம்னு பலகை வைப்பீங்களா?" என்றேன். மணியடித்து உட்கார வைத்தார்கள்.
அடுத்து லூப்பே. பக்கவாட்டுக் கதவிலிருந்து நடைச்சட்டத்தை ஊன்றி ஊன்றி, ஹாலின் மறுபக்கம் இருந்த மைக்குக்கு வந்தாள். வந்து சேர்வதற்குள் அவள் நேரத்தில் பாதி போய்விட்டது.
"மெதுவா பேசுங்கம்மா" என்றார் தலைவர்.
"பேசிட்டேன் ஐயா. எங்க தெருவும் இந்த ஹால் அகலம்தான்."

ஜூன் 12
நாற்பது. முப்பதும் இல்லை, ஐம்பதும் இல்லை என்று மன்றம் முடிவு செய்துவிட்டது. பழைய கார் வாங்குகிற மாதிரி, எலும்புக்கும் பேரம்! எல்லாருக்கும் திருப்தி என்றார் தலைவர். யாரைக் கேட்டார்?

ஜூன் 13
கிரேம் தானே சாப்பாட்டைச் சூடாக்கினான். எனக்கும் ஒரு தட்டு வைத்தான்.

ஜூலை 27, ஞாயிறு
புதுப் பலகை வந்துவிட்டது. லூப்பேயைத் தேவாலயத்தில் விடப் போனோம். தெருமுனைவரை கிரேம் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திப் பிடித்தான்.
"நாற்பது போகலாமே" என்றேன்.
"அடிக்கட்டும்."
பின்சீட்டில் லூப்பே, "இதுக்கு நான் நடந்தே போயிருப்பேன்" என்றாள்.
கிரேம் சிரிக்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை.