தர்ஷினியிடம் சொல்லிவிட்டேன், அக்கா

என் சண்டைக்கார அக்காவுக்கு,

நீ போன பிறகு சண்டை போட ஆளில்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதனால் கைக்கு வேலை கொடுத்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் படிவம் மூன்றோடு புத்தகத்தைத் தூக்கிப் போட்டவள், இப்போது சாயங்காலமானால் போனுக்கு முன்னால் உட்கார்ந்து ஆன்லைனில் படிக்கிறேன். சைகை மொழி வகுப்பு. உன் மகளுக்காகத்தான், வேறு யாருக்காக?

உனக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. நீ ஈப்போ ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்று, "காது கேக்காத புள்ள, பாத்தா பயந்துக்கும்" என்று தர்ஷினியை ரிங்லெட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அழைத்து வந்தோம். அவளிடம் விஷயத்தைச் சொல்ல எங்கள் யாருக்கும் பாஷை இல்லை. நீயும் அவளும் வைத்திருந்த ஜாடைகளில் சோறு உண்டு, தண்ணீர் உண்டு, குளிர் உண்டு. சாவுக்கு ஒன்றும் இல்லை. மாலை போட்ட உன் படத்தைக் காட்டினோம். அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

அன்றிலிருந்து, தேயிலைக் கொழுந்துக்காட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு லோரி வரும் நேரத்தில் லயத்து வீடுகளின் முனையில் போய் நிற்பாள். இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கடைசி ஆளும் இறங்கியதும் பின்பலகையைப் பிடித்து எட்டி உள்ளே பார்ப்பாள். அந்த லோரியில்தான் நானும் வருகிறேன், அக்கா. என்னைத் தாண்டி அவள் கண் உன்னைத் தேடும்போது எனக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற மிஸ்ஸி ஒருவர்தான் வழி சொன்னார். "கோலாலம்பூர்ல ஒரு டீச்சர் ஆன்லைன்ல சொல்லிக் குடுக்கிறாங்க. அவங்களுக்கும் காது கேக்காது. நீங்க கத்துக்கிட்டா புள்ளைக்குச் சொல்லலாம் லா."

வீட்டுக்குள் லைன் கிடைக்காது. கோயில் சுவரோரம் பெஞ்சு போட்டு உட்காருவேன். முதல் நாளே பனி இறங்கிவிட்டது. கேமராவைத் துடைக்கச் சொல்லி டீச்சர் எழுதி அனுப்புகிறார். பனியை எந்தத் துணியால் துடைப்பது? என் வீட்டுக்காரர் வேறு பின்னால் நின்றுகொண்டு, "என்கிட்ட சண்டை போடுறப்பகூட நீ இப்படிக் கையாட்டுனதில்லையே லா!" என்று கேலி செய்தார்.

போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று நீ திட்டியது முழுப் பொய்யில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் அதிலிருந்து தலையைத் தூக்குவதே கிடையாது. ஆனால் இந்த மலை வளைவு ரோட்டில் எனக்காக எந்த டீச்சர் ஏறி வந்திருப்பார்? வேலையை விட்டுவிட்டு நான்தான் எந்த டவுனுக்குப் போயிருப்பேன்? பாடத்தைப் பதிவு செய்தும் அனுப்புகிறார்கள். ஒரே சைகையை எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் வீடியோவுக்குக் கோபம் வருவதில்லை. உனக்கு வந்திருக்கும்.

ஒருநாள் தர்ஷினி என் மடியில் வந்து உட்கார்ந்தாள். டீச்சர் அவளைப் பார்த்துத் தன் காதைத் தொட்டு, தனக்கும் கேட்காது என்று கையசைத்தார். பிள்ளை அப்படியே உறைந்துபோனாள். தன்னைப் போன்றவர்களும் பெரியவர்களாக வளர்வார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்ததோ என்னவோ. பிறகு அவள் கற்றுக்கொண்ட வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

போன மாதம் லோரியடியில் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சைகையில் கேட்டாள்: "அம்மா எங்கே?"

அந்தப் பதிலுக்கான சைகையை டீச்சர் எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டார். நான்தான் பயிற்சி செய்யாமல் தாண்டிக்கொண்டே இருந்தேன். இனிமேல் பாஷை இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. வாசல்படியில் உட்காரவைத்துச் சொன்னேன். அம்மாவுக்கு நோய். ஆஸ்பத்திரி. அம்மா இறந்துவிட்டாள். திரும்பி வரமாட்டாள்.

மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். "மாமாவுக்குத் தெரியுமா?" தெரியும். "பக்கத்து வீட்டுக்கு?" தெரியும். "எல்லோருக்கும் தெரியுமா? எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?"

என் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். நானும் அழுதேன். அவளைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நாங்கள் செய்தது தப்பு, அக்கா. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்துவிட்டோம்.

அடுத்த வகுப்பில் டீச்சரிடம் அவளே சொன்னாள், அம்மா இறந்துவிட்டாள் என்று. காது கேளாதவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டாம். அம்மாவின் பெயர் என்ன என்று டீச்சர் கேட்டார். தர்ஷினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையிலும் வாயால் ஊதி, கன்னத்தில் வைத்துக்கொண்டாள். காலைக் குளிரில் நீ அவளை அப்படித்தான் எழுப்புவாயாம். எனக்கு அதுகூடத் தெரியாது. இப்போது வீட்டில் நாங்கள் எல்லோரும் உன்னை அந்தப் பெயரால்தான் சொல்கிறோம். என் வீட்டுக்காரர்கூட.

அடுத்த நிலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அவரையும் சேர்த்துவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டே படிக்கிறார். இனி இந்த வீட்டில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும், உன் மகளுக்குத்தான் முதலில் சொல்வோம். உன் மேல் சத்தியம்.

உன் தங்கச்சி,
தர்ஷினியின் சின்னம்மா