ஃப்ரௌ கைலாசம்

ஸ்டுட்கார்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அம்பாசமுத்திரம் கைலாசம் அவர்களுக்கு,

உங்கள் மனைவி கோமதி எழுதுவது. நான் சௌக்கியமாக இருக்கிறேன். உங்கள் சௌக்கியத்தை விசாரிக்கும் மனநிலையில் இப்போது இல்லை. கடைசியில் மனது வந்தால் கேட்கிறேன். புருஷன் பேரை எழுதிவிட்டாளே என்று திடுக்கிட வேண்டாம். காரணம் இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். இந்த வீட்டில் போன் வந்தால் உங்கள் மகன் மகேஸ்வரன் அதை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவான். போன மாதம் அப்படித்தான், நான் அடுக்களையில் நிற்பது தெரியாமல் அவனிடம் பேசினீர்கள். விசாவை நீட்டிக்க அம்மாவுக்குச் சம்மதமா என்று அவன் கேட்டான். "அவளுக்கு என்னலே தனியா ஒரு சம்மதம்? நான் சொன்னாச் சரி. இங்கன வந்து என்னத்தச் செய்யப் போறா? அங்கனயே கெடக்கட்டும். பிள்ளையப் பாத்துக்கிடுவா" என்றீர்கள். அம்பாசமுத்திரத்து வெயில் அவளுக்குத் தாங்காது, அங்கே குளிர்ச்சியாக இருப்பாள் என்று ஒரு கரிசனம் வேறு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

அந்தக் குளிர்ச்சியைக் கேளுங்கள். வெளியே பனி கொட்டும்போது மருமகள் வேணி எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து வைக்கிறாள். வீட்டுக்குக் காற்று வேண்டுமாம். கடுகு தாளித்தால் கூரையில் பொருத்தியிருக்கும் கருவி ஊளையிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. நான் தேங்காய் அரைத்துவிட்டேன் என்று கீழ்வீட்டுக் கிழவர் கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சொதிக்கு டப்பாவில் அடைத்த தேங்காய்ப்பால்தான். வாயில் வைக்க விளங்கவில்லை. ஈ காக்கை இல்லாத ரோட்டில் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிறார்கள். நான் நிற்காமல் நடந்தேன். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி விரலை நீட்டி என்னைத் திட்டினாள். என்ன திட்டினாள் என்று தெரியவில்லை. நானும் நம் ஊர்ப் பாஷையில் நன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். வந்ததிலிருந்து மனது லேசானது அன்றைக்கு ஒரு நாள்தான்.

பேத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும்போது கோபமெல்லாம் ஆறிப்போகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் மேல் எனக்கு இருக்கிற ஆசையை வைத்து அப்பனும் மகனும் என்னைக் கட்டிப்போடப் பார்த்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இப்போது பேர் விஷயம். பாஸ்போர்ட் எடுத்தபோது என் பேருக்குப் பின்னால் உங்கள் பேரை எழுதிக் கொடுத்தீர்கள். இங்கே பின்னால் இருக்கிற பேரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஃப்ரௌ என்றால் திருமதி. பார்சல்காரன், எதிர்வீட்டுக்காரி, எல்லோருக்கும் நான் ஃப்ரௌ கைலாசம். உங்கள் பேர் வாயில் வந்துவிடக் கூடாது என்று நவகைலாயம் பஸ்ஸில்கூட 'ஒன்பது கோவிலுக்கு ஒரு டிக்கெட்' என்று கேட்டவள் நான். பிரஷர் பார்க்கப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ் கைலாசம், கைலாசம் என்று கூவினாள். நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று வாசலைப் பார்த்தேன். வெட்கக்கேடு. அன்றைக்கே அந்தப் பேர் மேல் இருந்த கூச்சம் போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை மகேஸ்வரன் என்னை விசா அலுவலகத்துக்குக் கூட்டிப் போனான். பேத்தியோடு இருக்க அம்மாவுக்கு ரொம்ப விருப்பம் என்று அவனே எழுதிக் கொடுத்திருந்தான். அந்த அதிகாரி அம்மாள் அதை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்: "அம்மா, உங்களுக்கு இங்க நிக்க விருப்பமோ? நீங்கள்தான் சொல்ல வேணும்."

மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்றபோது எங்கள் அப்பா பதில் சொன்னார். தச்சநல்லூர் வீட்டை விற்றபோது நீங்கள் சொன்னீர்கள். என்னைக் கேட்டு ஒருவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நான் சும்மா இருக்கவும் மகேஸ்வரன், அம்மாவுக்குச் சம்மதம்தான் என்று ஆரம்பித்தான். அந்த அம்மாள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். "வேண்டாம். நான் எங்க ஊருக்குப் போணும்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து உங்கள் மகன் என் முகம் பார்த்துப் பேசவில்லை. வேணி பாத்திரத்தை வைக்கிற வேகத்தில் தெரிகிறது அவள் கோபம். அவள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையை விட இடம் கிடைக்கவில்லை. அவள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மா, இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று அவளாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இருந்திருப்பேன். கேட்கவில்லை. போகிறேன்.

திரும்பி வர முதலில் எடுத்த டிக்கெட் அப்படியே இருக்கிறது. பங்குனி முதல் வெள்ளிக்கிழமை காலையில் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறேன். வண்டி பிடித்து வந்து நில்லுங்கள். நாணு மெஸ் சாப்பாடு பிரமாதம் என்று மகனிடம் அளந்தீர்களே, நான் வந்த பிறகும் கொஞ்ச நாள் அங்கேயே சாப்பிடுங்கள். என் அடுக்களையில் எதையாவது இடம் மாற்றி வைத்திருந்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன்.

பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் மனது வரவில்லை.

கடைசியாக ஒன்று. விமான நிலைய வாசலில் கூட்டமாக இருக்கும். என்னைக் கண்டதும் வழக்கம்போலக் கையைத் தட்டி 'ஏளா' என்று கூப்பிட வேண்டாம். திரும்ப மாட்டேன். உங்கள் பேரை இந்த ஊர் முழுக்கச் சுமந்துவிட்டு வருகிறேன். என் பேர் நம் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. மறந்திருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கள் அப்பா அதைச் சுருக்கிக் கூப்பிடுவார். நாலு பேர் கேட்க, ஒரே ஒரு தடவை அப்படிக் கூப்பிடுங்கள். வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோமு